ரெண்டு கொக்கி

போன மாதம் எனக்கே முதுகில் ஊசி போட்டார்கள். ப்ராஸ்டேட் ஆபரேஷன். அறுபத்தெட்டு வயதில் வருகிற சாதாரணச் சமாச்சாரம். என்னைப் பக்கவாட்டில் திருப்பி, "அங்கிள், முழங்காலை வயித்தோட சேர்த்துக்கோங்க, மோவாயை நெஞ்சுல வச்சுக்கோங்க" என்றாள் தியேட்டர் டெக்னீஷியன் பெண். இந்த இரண்டு வாக்கியங்களை நான் முப்பது வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொள்கிற இடத்தில் படுத்தது அன்றுதான். முதுகுக்குப் பின்னால் ஊசி உறையைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பார்த்தாச்சா?" என்றேன்.

"என்ன பார்க்கணும் அங்கிள்?"

"ஊசி முனையை."

"அது புதுசு அங்கிள். சீல் பண்ணித்தான் வருது."

மயக்க மருந்து டாக்டர் சின்னப் பையன். என் பழைய உத்தியோகம் அவருக்குத் தெரியும். "சார் அந்தக் காலத்து ஆளும்மா. ஊசியைத் தீட்டித் தீட்டிப் போட்டவங்க" என்று சிரித்தார். "அதையெல்லாம் ஒருநாள் எழுதிக் குடுங்க சார். எங்க பசங்க படிக்கட்டும்." சொல்லி முடிப்பதற்குள் என் கால்களில் சூடு பரவி, பிறகு கால்கள் யாருடையவையோ ஆகிவிட்டன. ஒன்றரை மணி நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். யோசிப்பதற்கு நிறைய நேரம் கிடைத்தது. கேட்டுவிட்டார், எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். பாடியில் ஒரு சின்னப் பட்டறையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன், பட்டறையை மூடிவிட்டார்கள். தொழிற்சாலைகள் நிறைந்த அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி முப்பது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றில் ஆட்டோகிளேவ் ரிப்பேர் என்று கூப்பிட்டார்கள். அது ஆபரேஷன் சாமான்களை நீராவியில் சுத்தம் செய்கிற பெரிய பாத்திரம், வால்வில் கசிவு. சரி செய்தேன். மறுவாரம் ஆபரேஷன் மேஜையின் மிதிகட்டை, அதற்கடுத்த வாரம் விளக்கு. நாலாவது வாரம், "இங்கேயே இருந்துடேன்பா" என்றார் முதலாளியான பெரிய டாக்டர். இருந்துவிட்டேன். ரத்தத்தைப் பார்த்து இரண்டு முறை மயங்கி விழுந்ததையும், தொடாதே என்று சொன்னதைத் தொட்டு நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கியதையும் சேர்த்து என் பயிற்சிக்காலம் ஒரு வருஷம். அதில் சொல்ல வேறு எதுவும் இல்லை.

என்னை ஆளாக்கியது டாக்டர் வசுந்தரா. மயக்க மருந்து டாக்டர். ஆவடியிலிருந்து பாடி வரைக்கும் நாலைந்து ஆஸ்பத்திரிகளுக்குத் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு போய் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. தியேட்டருக்குள் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். நோயாளியின் தோளில் கையை வைத்து அவன் பெயரைக் கேட்பார். பெயர் சீட்டிலேயே இருக்கிறதே என்று ஒருமுறை சொன்னேன். "அவர் வாயால சொல்லட்டும், குரல் நடுங்குதான்னு பார்க்கணும்" என்றார்.

அப்போதெல்லாம் முதுகு ஊசி ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற சாமான் இல்லை. எஃகு ஊசி. உள்ளே கம்பி ஒன்று இருக்கும். ஒரு ஊசி நூறு முதுகைப் பார்க்கும். ஆபரேஷன் முடிந்ததும் கம்பியை உருவிவிட்டுப் பச்சைத்தண்ணீரை உள்ளே பீய்ச்ச வேண்டும். வெந்நீர் கூடாது, ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முனை. கொஞ்சம் பஞ்சைப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டு, முனையை அதன்மேல் பின்பக்கமாக மெல்ல இழுக்க வேண்டும். நல்ல முனை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முனை மடங்கியிருந்தாலும் ஒரு நூல் கூடவே வரும். அதைத்தான் கொக்கி என்போம். கொக்கி இருந்தால் எண்ணெய்க் கல்லில் பட்டும் படாமலும் தீட்டி, மறுபடி பஞ்சில் இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்று தரம் நூல் வராமல் இருந்தால்தான் ஆட்டோகிளேவுக்குப் போகும்.

தீட்டுகிற வேலையில் ஃபிட்டர் படிப்பு எனக்குக் கை கொடுத்தது. எனக்கு முன்னால் இருந்தவர் தீட்டிய ஊசிகளை வசுந்தரா மேடம் ஒவ்வொன்றாக வாங்கிப் பஞ்சில் இழுத்துப் பார்த்துத்தான் எடுப்பாராம். என் ஊசிகளையும் ஆறு மாதம் அப்படிப் பார்த்தார். ஒன்றில்கூட நூல் வரவில்லை. ஏழாவது மாதம் கையை மட்டும் நீட்டி, "பார்த்தாச்சா?" என்று கேட்டார். "பார்த்தாச்சு மேடம்" என்று ஊசியைக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன். அவளுக்கு அதில் என்ன பெருமை என்று புரியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு கேஸுக்கும் அந்தக் கேள்வி, அந்தப் பதில். வருஷக்கணக்கில்.

முதுகு ஊசியால் வருகிற தொல்லைகளில் நாங்கள் அடிக்கடி பார்த்தது தலைவலி. முதுகெலும்புக்குள் தண்ணீர் மாதிரி ஒன்று இருக்கிறது. மூளை அதில்தான் மிதக்கிறது. ஊசி போட்ட ஓட்டை வழியே அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால், எழுந்து உட்கார்ந்ததும் தலை பிளக்கும். படுத்தால் போய்விடும். அதனால்தான் தலையணை இல்லாமல் ஒரு நாள் மல்லாந்து படுக்க வைப்போம். சொந்தக்காரர்கள் கண்ணில் தலையணை இல்லாமல் படுத்தவன் பாவமாகத் தெரிவான். நாம் அந்தப்பக்கம் போனதும் போர்வையை மடித்துத் தலைக்கு வைத்துவிடுவார்கள். வார்டில் பாதிச் சண்டை இதற்காகத்தான். தலைவலி வந்தவர்களுக்கு மேடம் சொல்வது படுக்கை, தண்ணீர், காபி. ஒரு வாரத்தில் முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடும். மரத்துப்போன கால் திரும்ப வராமலே போன ஒரு கேஸைத் தான் படிக்கிற காலத்தில் பார்த்ததாக ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

முனுசாமி எங்களிடம் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். எஸ்டேட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் கிரேன் ஆபரேட்டர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேனில், உச்சியில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே தொங்குகிற கொக்கியை ஓட்டுகிற வேலை. வீடு அண்ணனூர் பக்கம். அப்பா நாற்று நட்டவர், இவர் இரும்பு தூக்குகிறார். ஊசிக்கு முன் மேடம் பெயரைக் கேட்டதும், "முனுசாமிம்மா. கிரேன் முனுசாமின்னா எஸ்டேட் பூரா தெரியும்" என்றார். குரல் நடுங்கவில்லை.

அன்று காலையிலிருந்து மின்வெட்டு. கரண்டு வந்ததும் அவசரச் சிசேரியன் ஒன்று வந்து, தயாராக இருந்த ஊசிகள் தீர்ந்துவிட்டன. அவசரமாக ஒரு ஊசியைக் கழுவினேன். ஆட்டோகிளேவ் சூடேறிக்கொண்டிருந்தது. கரண்டு மறுபடி போவதற்குள் உள்ளே போட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. பஞ்சை எடுக்கவில்லை. போட்டுவிட்டேன்.

மதியம் முனுசாமி சுருண்டு படுத்திருக்க, மேடம் கையை நீட்டினார்.

"பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு மேடம்."

முதல் தடவை ஊசி எலும்பில் இடித்தது. கொஞ்சம் வெளியே இழுத்து, சாய்த்து, மறுபடி போட்டார். தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. மருந்து ஏறியது. ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. சாயங்காலம் ஊசியைக் கழுவும்போது பஞ்சில் இழுத்தேன். நூல் வந்தது. ஒன்றல்ல, ஒரு கொத்து. அந்தக் கொக்கி முன்பே இருந்ததா, எலும்பில் பட்டு வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. தீட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாளே அவருக்குத் தலைவலி வந்தது. உட்கார்ந்தால் வலி, படுத்தால் இல்லை. காபி, தண்ணீர், படுக்கை. பத்து நாளில் குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்து அனுப்பியாகிவிட்டது. என் மனதிலிருந்தும் அவர் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி கஸ்தூரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்ததும் நேராக என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, சோத்துல கலந்து குடுக்கற மாதிரி குடிய நிறுத்தற மருந்து எதுனா கீதா?" என்றார்.

"யாருக்கும்மா?"

"அந்தாளுக்குத்தான். ரெண்டு வருசமா தொடாம இருந்தாரு. கம்பெனில ஒருவாட்டி மாட்டி, வார்னிங் லெட்டர் வாங்கி, எம்பொண்ணு தலைல கைய வச்சி சத்தியம் பண்ணாரு. இந்த ஆபரேசனுக்கு அப்பால மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு. வாசப்படிய ரெண்டு காலால தடவித் தடவி எறங்கறாரு. ரோட்டத் தாண்ட சொல்லு, நின்னுகினே கீறாரு. நேத்து டூட்டிக்குப் போனவர வேலைய உட்டு நிறுத்திட்டாங்க. குடிச்சிட்டு கிரேன்ல ஏறுனாராம். வெள்ளிக்கெழம விசாரண. போச்சுன்னா நாங்க எங்க போறது?"

கூட வந்திருந்த முனுசாமி சற்றுத் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போனேன். வாடை எதுவும் இல்லை, நெற்றியில் பூசிய தைலத்தின் மணம்தான். ஆனால் ஒன்று எனக்கு வித்தியாசமாகப் பட்டது. அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் வலது ஓரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்தேன். பேச்சுக்காக, "இன்னா முனுசாமி, மணி என்னாச்சு?" என்றேன். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக, "எந்தக் கடியாரத்துல பாக்கட்டும்ணே?" என்றார்.

அந்தச் சுவரில் ஒரே ஒரு கடிகாரம்தான்.

மேடம் அன்று தியேட்டரில் இருந்தார். அழைத்துப் போனேன். தன் விரலை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டி, தலையை அசைக்காமல் பார்க்கச் சொன்னார். விரல் வலது பக்கம் போனபோது இரண்டு கண்ணும் போயின. இடது பக்கம் போனபோது வலது கண் வந்தது, இடது கண் பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டது அதை ஈடுகட்டத்தான். விரலைக் கிட்டே கொண்டுபோனார். "ஒண்ணு." கதவருகே போய் நின்று விரலைக் காட்டினார். "ரெண்டு." ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார். "ஒண்ணு."

"எப்பலேர்ந்து?"

"இங்கேந்து போயி ஒரு வாரம் பத்து நாள்ல ஆரம்பிச்சுதும்மா. கிட்டக்க எல்லாம் சரியாத்தான் தெரியுது. தூரமாப் பாத்தா ஒண்ணு ரெண்டாவுது."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

முனுசாமி மனைவியைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். "ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு நான் போயி யாராண்ட சொல்றது? ஊர்ல எவன் அத சொல்லுவான்? குடிச்சவந்தான சொல்லுவான். நீ நம்பியிருப்பியா கஸ்தூரி?"

கஸ்தூரி கொஞ்சம் யோசித்தார். "நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.

கம்பெனியில் நடந்ததையும் முனுசாமி அப்போதுதான் சொன்னார். காலையில் கூண்டில் ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தால் இரண்டு கொக்கி, கைகாட்டுகிற ஆளும் இரண்டு. மோட்டாரை நிறுத்திவிட்டு ஏணியில் இறங்கி, ஃபோர்மேனிடம் போய், "சார், ரெண்டு கொக்கி தெரியுது" என்றிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஃபோர்மேன் நியூஸ்பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கைத்தூரத்தில் இருந்த எழுத்து ஒழுங்காகத் தெரிந்தது, கடகடவென்று படித்தார். "பேப்பர் படிக்கத் தெரியுது, கொக்கி மட்டும் ரெண்டா? தைலத்தப் பூசி வாடைய மறைக்கிறியா?" என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார்கள்.

மேடம் அவர்களிடம் நிதானமாகச் சொன்னார். ஓட்டை வழியே தண்ணீர் கசிந்தால் மூளை கொஞ்சம் கீழே இறங்கும். கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற நரம்பு தலைக்குள் ரொம்ப தூரம் ஓடுகிறது, அதனால் இழுபடும். ரொம்ப அபூர்வமாக நடப்பது. பெரும்பாலும் சில மாதத்தில் தானே சரியாகும். கண் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர்கள் வெளியே போனதும், கையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"அன்னைக்கு அந்த ஊசி பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு மேடம்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கேள்வி முடிவதற்குள் பதில் வெளியே வந்துவிட்டது. ஆனால் வந்த பிறகு திருத்த நேரம் இருந்தது. மேடம் துண்டில் கையைத் துடைத்து, ஜன்னலிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டி, பையை மாட்டிக்கொண்டு போகிற வரைக்கும் இருந்தது. நான் பேசாமல் நின்றேன். பயம்தான். வேறு பெயர் வைக்க ஒன்றும் இல்லை.

கண் டாக்டரும் அதையேதான் சொன்னார். மறுநாள், விசாரணைக்குக் கொடுக்க வேண்டிய கடிதம் பற்றிப் பெரிய டாக்டரின் அறையில் பேச்சு நடந்தது. நான் கதவருகே ஃபைலோடு நின்றிருந்தேன்.

"கண் நரம்பு பலவீனம்னு மட்டும் எழுதிக் குடுங்க டாக்டர். காரணம் எதுக்கு?" என்றார் பெரிய டாக்டர். "எஸ்டேட்டையே நம்பி இருக்கோம். இங்க ஊசி போட்டா கண்ணு போகுதுன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான்னா முடிஞ்சது."

"காரணம் எழுதலைன்னா, குடிச்சதால நரம்பு கெட்டுச்சுன்னு அவங்களே காரணம் எழுதிப்பாங்க சார். அதுலயும் நரம்பு கெடும். ஏற்கெனவே வார்னிங் இருக்கு அவருக்கு. நம்ம லெட்டரை வச்சே வேலையை விட்டு அனுப்பிடுவாங்க."

"அவர் குடிக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஊசி போட்டது தெரியும்."

பெரிய டாக்டர் கொஞ்ச நேரம் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "உங்க பேர்ல எழுதுங்க. ஆஸ்பத்திரி லெட்டர்பேடு வேணாம்" என்றார். மேடம் தலையசைத்தார்.

வியாழக்கிழமை மதியம், தியேட்டர் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதினார். கம்பெனிக்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். 'நான் போட்ட முதுகு ஊசியின் பின்விளைவு' என்று இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திருப்பினார்.

"மேடம், நான் பார்க்கல" என்றேன்.

"என்ன பார்க்கல?"

"அன்னைக்கு அந்த ஊசியை. கரண்டு போயிடும்னு அப்படியே போட்டுட்டேன். சாயங்காலம் இழுத்தேன், நூல் வந்துச்சு."

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். வெளியே ஸ்ட்ரெச்சர் போகிற சத்தம் கேட்டது.

"முதல் தடவை எலும்புல இடிச்சேன். அதுலயும் கொக்கி வரும். கொக்கியே இல்லாட்டாலும் இவ்வளவு தடிச்ச ஊசிக்கு இது வரலாம். உங்களாலதான்னு சொல்ல முடியாது."

"பார்த்திருந்தா சொல்லியிருக்கலாம் மேடம்."

"ஆமா" என்றார். "பார்த்திருந்தா சொல்லியிருக்கலாம்."

அப்புறம் கேட்டார். "முந்தாநாள் கேட்டப்பகூட பார்த்தாச்சுன்னுதானே சொன்னீங்க?"

"வாய் தானா சொல்லிடுச்சு மேடம்."

"நானும் தானாத்தான் கேட்டிருக்கேன் போல. எத்தனை வருஷமா." பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். என் பெயரை எங்கேயும் சேர்க்கவில்லை. "நாளைக்கு நீங்களே எடுத்துட்டுப் போங்க. அங்க கேள்வி கேப்பாங்க, கூட யாராவது இருக்கணும்."

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆபீஸில் ஒரு நீள மேஜை. பர்சனல் ஆபீசர் நடுவில், ஃபோர்மேன் பக்கத்தில். முனுசாமி நின்றுகொண்டிருந்தார். கஸ்தூரியைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆபீசர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஊசி போட்டா ரெண்டாத் தெரியுமா? எங்க வீட்லகூட ஆபரேஷன் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே" என்றார்.

"எல்லாருக்கும் ஆகாது சார். நான் வேலைக்கு வந்து இவர் ஒருத்தரைத்தான் பார்த்தேன்."

பேனாவைக் கிட்டேயும் கதவருகேயும் வைத்து, மேடம் செய்தது போலவே காட்டினேன். ஒண்ணு, ரெண்டு. கண்ணைப் பொத்தினால் ஒண்ணு. ஃபோர்மேன் தலையை ஆட்டினார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஷெட்டில் கீழே நிற்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர். "இதெல்லாம் சரி சார். குடிச்சவனும் இப்படித்தான் சொல்லுவான். இவன் சும்மாதானே ஊட்ல கெடந்தான், எத்தினி நாள் குடிச்சானோ. டாக்டரு அவங்களுக்குத் தெரிஞ்சத எழுதிக் குடுத்துட்டாங்க. ஊசிலதான் கோளாறுன்னு யாரு கண்டது?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் வெறும் கடிதம் கொண்டுவந்த ஆள். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். முனுசாமி முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை நேராக்கினால் அந்தத் தூரத்தில் நான் அவருக்கு இரண்டு பேராகத் தெரிவேன்.

"ஊசியைச் சரிபார்க்கிறது என் வேலை சார்" என்றேன். "அன்னைக்கு நான் சரிபார்க்கல. பார்த்தேன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். அப்புறம் பார்த்தப்ப முனை மடங்கியிருந்தது. வேணும்னா எழுதிக் குடுக்கிறேன்."

ஆபீசர் முனுசாமியிடம், "நீ ஏன்யா முதல்லயே இதைச் சொல்லல?" என்றார்.

"எனக்கே தெரியாது சார். ரெண்டு கொக்கி தெரிஞ்சிது. எது நெசம்னு தெரியல. கீழ ஆளு நின்னுகினு கீறான். அதான் எறங்கிட்டேன்."

ஃபோர்மேன் தன் கையை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆபீசரிடம், "குடிச்சிருந்தா எறங்கி வந்திருக்க மாட்டான் சார்" என்றார். தான் எழுதிய ரிப்போர்ட்டை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண் சரியாகிற வரை முனுசாமிக்குக் கீழே ஸ்டோர்ஸில் வேலை என்று முடிவானது.

கேட்டுக்கு வெளியே கஸ்தூரியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் புருஷனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். முனுசாமி, "அழுவாத. ஒரு மாசமா ரெண்டு பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிகினு கீறேன், எனுக்கில்ல அழுவ வரணும்" என்றார். நான் உள்ளே சொன்னதை அவரிடம் மறுபடி சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "உடு அண்ணாத்தே" என்றார். கஸ்தூரி அப்படி விடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். அது நியாயம்தான்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை முனுசாமி கண்ணைக் காட்ட வருவார். ஐந்தாவது மாதம் ஒருநாள், நான் சுத்தம் செய்த பஞ்சும் துணியும் வைக்கிற ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு போகும்போது வராந்தாவில் நின்றிருந்தார். முகம் நேராக இருந்தது. "மணி பத்தே கால்ணே" என்றார், நான் கேட்காமலே. அந்த மாதக் கடைசியில் கூண்டில் ஏறினார்.

எனக்கு வேலை போகவில்லை. மேடமும் என்னைத் திட்டவில்லை, ஒதுக்கவில்லை, அதே மாதிரிதான் பேசினார். ஒன்றே ஒன்றுதான் மாறியது. மறுநாளிலிருந்து ஊசியோடு ஒரு துண்டு பஞ்சையும் கேட்டு வாங்கி, தானே முனையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். நான் வீட்டில் தீட்டாத குறையாக ஒவ்வொரு ஊசியையும் பத்துத் தரம் பார்த்து வைப்பேன். ஒரு நூல்கூட அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனாலும் பார்ப்பார். என்னிடம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்க மாட்டாரா என்று ஒவ்வொரு கேஸிலும் காத்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். வருஷங்கள் போயின.

தொண்ணூறுகளில் உறையில் வருகிற மெல்லிய ஊசிகள் வந்தன. எண்ணெய்க் கல்லுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மேடம் பஞ்சு கேட்பதும் நின்றது. நானும் உறையைக் கிழித்துக் கொடுப்பதோடு சரி.

மேடம் வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்கப் போகிறார் என்று தெரிந்தது. எங்களிடம் அவருடைய கடைசிக் கேஸ், கர்ப்பப்பை ஆபரேஷன். கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். அந்த அம்மாவின் தோளில் கையை வைத்துப் பெயரைக் கேட்டார். நான் உறையைக் கிழித்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"பார்த்தாச்சா?"

சீல் உடைத்த புது ஊசி. பார்க்க எதுவுமே இல்லை. வாய் தானாக எதுவும் சொல்லிவிடாதபடி பல்லைக் கடித்துக்கொண்டேன். ட்ரம்மைத் திறந்து சுத்தமான பஞ்சை எடுத்துப் பிரித்து, முனையை மூன்று தரம் இழுத்தேன். மேடம் நீட்டிய கையை மடக்காமல் காத்திருந்தார்.

"பார்த்தாச்சு மேடம்" என்றேன்.